உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக வழியில்லை: உடம்பு இரும்புச்சத்தைக் கையாளும் விதம்

என் சித்தி ஒருநாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் முருங்கைக்கீரை, தினமும் பீட்ரூட் சாறு. ஹீமோகுளோபின் 9.4-இல் இருந்து 9.6 ஆகியிருந்தது, அவ்வளவுதான். "இவ்வளவு சாப்பிட்டும் ஏன் ஏறல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. சாப்பிட்டது உடம்புக்குள் போய்ச் சேர்வது தனிக் கதை என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வாயில் போட்டு விழுங்கிவிட்டாலே உடம்புக்குள் போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். ஆனால் வாயில் தொடங்கி ஆசனவாய் வரை போகும் உணவுப் பாதை, வீட்டை ஒட்டிப் போகும் தெரு மாதிரி. தெருவில் போகிற தள்ளுவண்டியில் ஆயிரம் காய்கறி இருக்கலாம். வாசற்படி தாண்டி உள்ளே வந்ததுதான் நம்முடையது. அதுபோல, குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலப்பதுதான் உடம்புக்குள் வந்த சத்து. மீதி தெருவோடு போய்விடும்.

தாதுச்சத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒவ்வொன்றையும் உடம்பு ஒவ்வொரு விதமாகக் கட்டுப்படுத்துகிறது. சோடியத்தைக் குடல் ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிக்கொள்ளும். அதிகமானதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். கால்சியத்துக்கு எலும்புதான் சேமிப்புக் கிடங்கு. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் அளவு கொஞ்சம் குறைந்தாலும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லும், சிறுநீரகத்தை வீணாக்காதே என்று சொல்லும், வைட்டமின் டி மூலமாகக் குடலை இன்னும் உறிஞ்சச் சொல்லும்.

இரும்பு மட்டும் வேறு மாதிரி. அதை வெளியேற்ற உடம்பில் எந்த ஏற்பாடும் இல்லை. சித்தியின் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

வெளியே வழி இல்லை

1930-களில் இங்கிலாந்தில் ராபர்ட் மெக்கன்ஸ், எல்சி விடோசன் என்ற இரு ஆய்வாளர்கள், உடம்புக்குள் போகும் இரும்பையும் வெளியே வரும் இரும்பையும் மிகக் கவனமாக அளந்து பார்த்தார்கள். இரும்பை ரத்தத்தில் நேரடியாக ஏற்றினாலும், அது சிறுநீரிலோ மலத்திலோ சொல்லும்படியாக வெளியே வரவில்லை. உடம்பு இரும்பின் அளவை நுழைவாயிலில்தான் கட்டுப்படுத்துகிறது, வெளியேற்றுவதன் மூலம் அல்ல என்று 1937-இல் எழுதினார்கள். இன்றும் அது அப்படியே நிற்கிறது.

தினமும் நாம் இழக்கும் இரும்பு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். அதுவும் உடம்பு திட்டமிட்டு வெளியேற்றுவது இல்லை. உதிரும் தோல், உதிரும் குடல் செல்கள், வியர்வை ஆகியவற்றோடு தானாகப் போவது. பெண்களுக்கு மாதவிடாய் ரத்தத்தில் கூடுதலாகப் போகும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று கணக்கு வைத்தால், அதிக உதிரப்போக்கு உள்ள ஒரு பெண் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு இழக்கிறார் என்று பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பகாலம் முழுமைக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு தேவைப்படுகிறது. இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரண்டு பெண்களில் ஒருவர். படியேறினால் மூச்சு வாங்குவதையும் மத்தியானமே தளர்ந்துபோவதையும் "வேலை அதிகம்" என்று நாம் கடந்துபோய்விடுகிறோம். சிலருக்குப் பச்சரிசியை மெல்லத் தோன்றும், ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றும், மண்ணும் சாக்பீஸும் தின்னத் தோன்றும். அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டாமல், இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்குமோ என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

வேண்டிய பொருளுக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். இரும்பு எலக்ட்ரானை எளிதில் வாங்கும், எளிதில் கொடுக்கும். அந்தக் குணம் இருப்பதால்தான் செல்கள் அதை வைத்து ஆற்றல் தயாரிக்கின்றன. அதே குணத்தால், தனியாகத் திரியும் இரும்பு செல்லின் சவ்வையும் மரபணுவையும் தாக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்கிவிடும். எனவே உடம்பு இரும்பை ஒருபோதும் தனியாக விடாது. ரத்தத்தில் போகும்போது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கூடவே போகும். ஒரு டிரான்ஸ்ஃபெரின் இரண்டு இரும்பு அணுக்களைச் சுமக்கும். சேமித்து வைக்கும்போது ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் அடைத்து வைக்கும்.

நான்கு கிராம் சொத்து

வளர்ந்த ஒருவர் உடம்பில் மொத்தமாக மூன்று முதல் நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு உறுப்புகளில் கொண்டுபோய் விடுவது இந்த இரும்புதான். கொஞ்சம் தசையில், கொஞ்சம் நொதிகளில், மீதி கல்லீரலில் சேமிப்பாக இருக்கும்.

எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் இருபது லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. அதற்குத் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குடல் வழியாக வருவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். மீதி எங்கிருந்து வருகிறது?

பழையதிலிருந்துதான். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். வயதான அணுக்களை மண்ணீரலில் இருக்கும் விழுங்கணுக்கள் பிடித்து விழுங்கி, உள்ளிருக்கும் இரும்பைப் பிரித்தெடுத்து, மறுபடி ரத்தத்தில் விடுகின்றன. அது திரும்பவும் மஜ்ஜைக்குப் போய்ப் புதிய அணுவாகிறது. நம் உடம்பில் இன்று ஓடும் இரும்பில் பெரும்பகுதி பலமுறை சுற்றி வந்த இரும்பு. கறிக்கடையில் "சுவரொட்டி" என்று கேட்டு வாங்கி, ரத்தம் ஊறும் என்று பிரசவித்த பெண்ணுக்கு வதக்கிக் கொடுப்பார்கள் அல்லவா, அது ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுக்களைப் பிரிக்கும் இடம் என்பதால் அதில் இரும்பு மிக அதிகம். அந்தக் காலத்து ஆட்களுக்கு விழுங்கணு தெரியாது. ஆனால் எந்த உறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

கதவும் காவலும்

சரி, அந்த ஒன்றிரண்டு மில்லிகிராம் எப்படி உள்ளே வருகிறது?

இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடலின் முதல் பகுதி. பெரும்பாலும் இங்கேதான் இரும்பு உறிஞ்சப்படும். கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு, துருவில் இருப்பதைப் போன்ற வடிவத்தில் இருக்கிறது. அப்படியே குடல் செல்லுக்குள் நுழைய முடியாது. இரைப்பை அமிலம் அதைக் கரைக்க வேண்டும், குடல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு நொதி அதற்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து மாற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் உள்ளே போகும். நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு இரும்பு உறிஞ்சுதல் குறையக் காரணம் இதுதான். கறி, மீன், ஈரலில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி ஹீமோகுளோபினின் ஹீம் என்ற வடிவத்தில் இருக்கிறது. அது வேறு வழியாக, இந்தத் தடைகளில் பலவற்றைத் தாண்டி எளிதாகப் போய்விடும்.

குடல் செல்லுக்குள் போனாலும் இன்னும் ரத்தத்துக்கு வந்துவிடவில்லை. செல்லின் மறுபக்கத்தில் ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரு கதவு இருக்கிறது. இரும்பு செல்லை விட்டு வெளியே வர நமக்குத் தெரிந்த ஒரே கதவு அதுதான். கதவு திறந்திருந்தால் ரத்தம். மூடியிருந்தால், இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே ஃபெரிட்டினில் அடைபட்டுக் கிடக்கும். குடல் செல்லின் ஆயுள் நான்கைந்து நாள்தான். பிறகு அது உதிர்ந்து மலத்தோடு போகும், உள்ளே அடைபட்ட இரும்பையும் கூட்டிக்கொண்டு. வேண்டாத இரும்பை வாசலிலேயே நிறுத்தி வைத்து, வாசலையே உதிர்த்துவிடுகிறது உடம்பு!

அந்தக் கதவை யார் மூடுகிறார்கள் என்பது 2000-ஆம் ஆண்டு வரை யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த கதையும் சுவையானது. ஜெர்மனியிலும் கலிஃபோர்னியாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, கிருமிகளைக் கொல்லும் புரதங்களைத் தேடிக்கொண்டிருந்தன. வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட, கல்லீரல் சுரக்கும் ஒரு சிறு பொருள் கிடைத்தது. கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லையும் கொல்வதற்கான லத்தீன் சொல்லையும் இணைத்து ஹெப்சிடின் என்று பெயர் வைத்தார்கள். அதே நேரத்தில் பாரிஸில் சோஃபி வோலோனின் குழு, சர்க்கரை தொடர்பான ஒரு மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த எலிகளின் கல்லீரலில் எதிர்பாராமல் இரும்பு குவிந்திருந்தது. காரணத்தைத் தேடியபோது, பக்கத்தில் இருந்த ஹெப்சிடின் மரபணு வேலை செய்யாமல் போயிருந்தது தெரிந்தது. ஹெப்சிடின் இல்லாவிட்டால் இரும்பு கட்டுக்கடங்காமல் உள்ளே வருகிறது. 2004-இல் மீதி விளங்கியது: ஹெப்சிடின் நேராகப் போய் ஃபெரோபோர்ட்டின் கதவில் ஒட்டிக்கொள்கிறது, உடனே செல் அந்தக் கதவை உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது.

சேமிப்பு நிறைந்திருந்தால் கல்லீரல் ஹெப்சிடினை அதிகம் சுரக்கும், கதவுகள் மூடும். சேமிப்பு குறைந்தால் சுரப்பு குறையும், கதவுகள் திறக்கும். மஜ்ஜை ரத்தம் உண்டாக்க அவசரப்படும்போது, அதுவும் ஒரு தனி ஹார்மோனை அனுப்பி ஹெப்சிடினைக் குறைக்கச் சொல்லும். அதனால் இரும்பு குறைந்தவருடைய குடல், நிறைந்தவருடைய குடலைவிடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில், அண்ணனுக்கும் தங்கைக்கும் சேரும் இரும்பு வேறு வேறு.

காய்ச்சல், தொற்று, வீக்கம் வந்தாலும் ஹெப்சிடின் ஏறும். நோய்க்கிருமிகளும் பெருக இரும்பு வேண்டும். உடம்பு தன் இரும்பைப் பூட்டி வைத்து அவற்றைப் பட்டினி போடப் பார்க்கிறது. சில நாள் காய்ச்சலுக்கு இது நல்ல தற்காப்பு. ஆனால் முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு போல மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடிக்கும் நோய் என்றால் கதவு மூடியே கிடக்கும். கிடங்கில் இரும்பு இருந்தும் மஜ்ஜைக்குக் கிடைக்காமல் சோகை வரும். அவர்களுக்கு இரும்பு மாத்திரையை அள்ளிக் கொடுத்தாலும் பெரிய பலன் இருக்காது.

மாத்திரைக்கும் இதே காவல்தான். இரும்பு மாத்திரை ஒன்றை விழுங்கினால் ஹெப்சிடின் ஏறி, சுமார் ஒரு நாள் உயர்ந்தே இருக்கும். மறுநாள் எடுக்கும் மாத்திரை பாதி மூடிய கதவைத்தான் சந்திக்கும். சூரிச்சில் இரும்புச் சேமிப்பு குறைந்த இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. தினமும் எடுத்தவர்கள் மாத்திரையிலிருந்து சுமார் 16 சதவீத இரும்பை உறிஞ்சினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்கள் சுமார் 22 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது, முக்கியமாகக் கர்ப்பிணிகள். அவர்களுக்கு அரசுத் திட்டத்தில் தினமும் 60 மில்லிகிராம் இரும்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, மலச்சிக்கல், குமட்டல் என்று மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுபவர்கள் ஏராளம். அவர்கள் மருத்துவரிடம் போய், "ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா?" என்று கேட்கலாம். அப்படி ஒரு வழி இருக்கிறது.

அடுக்களையில் நடப்பது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, வளர்ந்த பெண்ணுக்குத் தினமும் 29 மில்லிகிராம் இரும்பு, ஆணுக்கு 19. நம் சாப்பாட்டிலிருந்து 8 சதவீதம்தான் உறிஞ்சப்படும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 29-இல் 8 சதவீதம் என்றால் இரண்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். தட்டில் எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட, அந்த 8-ஐ எப்படிக் கூட்டுவது என்பதில் நிறைய இருக்கிறது.

சித்தியின் விஷயத்தில் முதலில் நான் கேட்டது டீயைப் பற்றி. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு டம்ளர் டீ, அது அவருக்கு இருபது வருடப் பழக்கம். தேநீரில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக் கரையாத கட்டியாக்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் 1975-இல் வெளியான ஒரு ஆய்விலேயே, ரொட்டியிலிருந்தும் சோற்றிலிருந்தும் வரும் இரும்பைத் தேநீர் தடுக்கிறது என்று காட்டிவிட்டார்கள். காபியும் தடுக்கும், கொஞ்சம் குறைவாக. டீயை விடச் சொல்லவில்லை நான். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒன்றரை மணி நேரமாவது விடச் சொன்னேன்.

அடுத்தது புளிப்பு. வைட்டமின் சி இரும்பைக் கரையும் வடிவத்தில் வைத்திருக்கும், துவர்ப்பின் பிடியிலிருந்தும் கொஞ்சம் காப்பாற்றும். ஒரே வேளைச் சாப்பாட்டில் உறிஞ்சுதலை இரண்டு மூன்று மடங்கு வரை கூட்டவும் வல்லது. கீரைக்கூட்டை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் சூட்டில் வைட்டமின் வீணாகும். நெல்லிக்காய் பச்சடி, சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம், இரண்டும் அருமை. ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம், விலையும் குறைவு.

தானியத்திலும் பருப்பிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. விதை முளைக்கும்போது தனக்கு வேண்டிய பாஸ்பரஸை வைத்துக்கொள்ளும் சேமிப்பு அது. இரும்பையும் துத்தநாகத்தையும் அது கட்டிப் போட்டுவிடும். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்க வைத்தால் இது குறையும். இரவெல்லாம் புளித்துப் பொங்கிய இட்லி மாவும், முளைகட்டிய கேழ்வரகும் பச்சைப்பயறும் இந்த வகையில் நமக்கு வாய்த்த நல்ல வழக்கங்கள். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும்.

பீட்ரூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சிவப்பு ஒரு தாவர நிறமி, அதற்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நல்ல காய்தான், சாப்பிடலாம், ஆனால் சோகைக்கு அதை நம்பி இருக்கக் கூடாது.

கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே வேளையில் வேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி. கர்ப்பிணிகள் இரண்டையும் வாங்குகிறார்கள், மறந்துபோகும் என்று இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை எடுத்தால் மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். ஒன்றில் மட்டும் மிகக் கவனம்: வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை பல மாத்திரைகளை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெளியேற்ற வழி இல்லை என்று சொன்னேனே, அதன் கொடுமையான பக்கம் இது.

எண்ணைப் படிக்கும்போது

ஹீமோகுளோபின் கடைசியில்தான் குறையும். கையிருப்பை முழுக்கச் செலவழித்த பிறகுதான் உடம்பு ரத்தத்தில் கை வைக்கும். அதற்கு முன்பே கையிருப்பு எவ்வளவு என்று காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வளர்ந்தவர்களுக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும், எனவே எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவு அல்ல. பி12, ஃபோலிக் அமிலக் குறைவாலும் வரும், மரபணு காரணமாகவும் வரும். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு தினமும் ரத்தத்தைக் குடிக்கும். அதிக உதிரப்போக்கு, மூலம், வயிற்றுப்புண் போன்ற கசிவுகளும் உண்டு. ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் நிறையாது. என் சித்தி டீயைத் தள்ளி வைத்து, மாத்திரையும் எடுக்கத் தொடங்கிய பிறகும் எண் மெதுவாகத்தான் ஏறியது. மகப்பேறு மருத்துவரிடம் போனபோதுதான் கருப்பைக் கட்டி இருப்பது தெரிந்தது. பல வருடமாக ஒவ்வொரு மாதமும் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்த ரத்தத்தை அவர் "வயசானா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான நிலை, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவில் இருக்கிறது. மஜ்ஜை நல்ல சிவப்பணுக்களை உண்டாக்க முடியாமல் தவித்து, இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று ஹெப்சிடினைக் குறைக்கச் சொல்லும். குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சும். அதோடு, கடுமையான தலசீமியா உள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, குடல் பல மாதங்களில் உறிஞ்சும் அளவு. அது கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிந்துகொண்டே போகும். முகம் வெளுத்திருக்கிறதே என்று அந்தக் குழந்தைக்கு இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்பது கேடு.

இரும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. முதலில் வந்தது, இரவு முழுவதும் ஒரு சிறு பம்ப் மூலம் தோலுக்கடியில் ஏற்ற வேண்டிய மருந்து. பின்னர் வாயால் எடுக்கும் மாத்திரைகள் வந்தன. அவற்றில் சில மருந்துகளை எடுக்கும் குழந்தைகளின் சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். முதல்முறை பார்க்கும் தாய் பதறிப்போவார். ரத்தம் அல்ல அம்மா, உள்ளே சேர்ந்துகிடந்த இரும்பு வெளியே வருகிறது என்று மருத்துவர்கள் அவரிடம் சொல்வார்கள்.